தொடக்கச் சுற்றில் ராஜா ஜோடி: மூன்று மடங்கா, ஆறு மடங்கா?

சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை)
9 பிப்ரவரி 2024, இரவு 10.40

வணக்கம். நேற்றிரவு ஆன்லைன் போக்கரில் ஆடிய ஒரு கையை இங்கே முழுமையாக எழுதுகிறேன். தோற்றதைச் சொல்லி ஆறுதல் தேடுவது என் நோக்கமில்லை. நல்ல ஜோடி வந்த கைகளில்தான் என் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) பெரும்பாலும் போகிறது என்பதை ஒரு மாதமாகக் கவனித்து வருகிறேன். மோசமான சீட்டு வந்தால் மடக்கி வைத்துவிடுவதால் எனக்கு ஒரு சேதமும் இல்லை. கோளாறு அடிப்படையிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் திருத்த வேண்டுகிறேன்.

55 ரூபாய் டூர்னமென்ட். மேசைக்கு ஒன்பது பேர், ஆளுக்கு 10,000 சிப்ஸ், பிளைண்ட் (பட்டனுக்கு அடுத்த இருவர் சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகை) 50/100. தென்னந்தோப்பில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். பட்டனுக்கு, அதாவது டீலர் இடத்துக்கு, முந்தைய இடத்தில் எனக்கு இஸ்பேடு ராஜாவும் கிளாவர் ராஜாவும் வந்தன. எனக்கு முன்னால் இருவர் ரெய்ஸ் செய்யாமல் (தொகையை உயர்த்தாமல்) 100 மட்டும் வைத்து லிம்ப் செய்திருந்தார்கள். நான் 300 ஆக்கினேன். பட்டன், சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட், லிம்ப் செய்த இருவர் என எல்லோரும் கால் செய்தார்கள், அதாவது அதே தொகையை வைத்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர், பாட் தொகை (நடுவில் சேர்ந்தது) 1,800.

ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக முதலில் விரிக்கும் மூன்று சீட்டில், இஸ்பேடு 9, ஆட்டின் 8, ஆட்டின் 5 விழுந்தன. எல்லோரும் செக் செய்ய (ஒன்றும் வைக்காமல் முறையைக் கடத்த), நான் 900 வைத்தேன். பெரிய பிளைண்டும் லிம்ப் செய்தவர்களில் ஒருவரும் கால். பாட் தொகை 4,500. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) கிளாவர் 2 வந்தது. யாருக்கும் உதவாத சீட்டு என்று நினைத்து 2,500 வைத்தேன். பெரிய பிளைண்ட் சற்றும் தாமதிக்காமல் 8,800க்கு ஆல்-இன் போனார், அதாவது கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்தார். மற்றவர் விலகிவிட்டார். இன்னும் 6,300 வைத்தால்தான் நான் தொடர முடியும். ராஜா ஜோடியை எப்படி விடுவது என்று ஐந்து விநாடி யோசித்துவிட்டு வைத்தேன். அவர் டைமன் 8, கிளாவர் 5 காட்டினார்: எட்டும் ஐந்துமாக இரண்டு ஜோடி, என் ஒற்றை ஜோடியைவிடப் பெரிது. ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இஸ்பேடு ராணி. பத்தாவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நான் பெரிதாக ரெய்ஸ் செய்யத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2023 அக்டோபரில் வந்த விதிப்படி, 100 ரூபாய் கட்டினால் 28 சதவீத ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 78 ரூபாய்தான் ஆட்டத்துக்கு வந்தது. ஒரு நுழைவை வைத்து முடிந்த அளவு நேரம் ஆட வேண்டும் என்ற எண்ணம் கையைக் கட்டுகிறது. என்னோடு ஆடும் நண்பர், முதல் ஒரு மணி நேரம் ஏஸ் ஜோடியைத் தவிர எதற்கும் பெரிய தொகை வைக்கக் கூடாது என்கிறார். அவருடைய தம்பியோ, ராஜா வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போகச் சொல்கிறார். எதைப் பின்பற்றுவது?

வாளையாறு28
9 பிப்ரவரி 2024, இரவு 11.15

அண்ணா, டர்னில் நீங்கள் வைத்த 6,300ஐப் பற்றிப் பிறகு பேசலாம். இந்தக் கை கெட்டது 300 என்ற இடத்தில்தான்.

பெரிய பிளைண்டில் இருந்தவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருடைய முறை வந்தபோது நடுவில் 1,200 கிடக்கிறது: லிம்ப் செய்த இருவரின் 200, உங்கள் 300, பட்டனின் 300, சின்ன பிளைண்டின் 300, அவர் ஏற்கெனவே கட்டாயமாக வைத்த 100. இன்னும் 200 வைத்தால் போதும். ஆறுக்கு ஒன்று என்ற விலையில் 8-5 என்ன, அதைவிட மட்டமான சீட்டையும் வைத்துக்கொண்டு ஃப்ளாப்பைப் பார்க்கலாம். அவருக்குப் பின்னால் வந்த இருவருக்கும் ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று விலை இன்னும் இறங்கிவிட்டது. அவர்கள் யாரும் தவறாக ஆடவில்லை. அந்த விலையை நிர்ணயித்தவர் நீங்கள்.

யாரும் லிம்ப் செய்யாத இடத்தில் பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு என்பது சரிதான். லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் மேலும் ஒரு மடங்கு கூட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. இருவர் இருந்ததால் குறைந்தது 500. நம் 55 ரூபாய் மேசைகளில் நான் அதற்கும் மேலே ஒரு மடங்கு கூட்டி 600 அல்லது 650 வைப்பேன். லிம்ப் செய்தவர்கள் தொகையைப் பார்த்து முடிவு செய்வதே இல்லை, தங்கள் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஏஸோடு சேர்ந்து ஒரே சின்னத்தில் ஏதாவது இருந்துவிட்டால், 300க்குச் செய்யும் கால்-ஐ 600க்கும் செய்வார்கள். விலையைப் பார்க்காதவரிடம் குறைந்த விலையை ஏன் சொல்ல வேண்டும்?

மூணாறு_மேகம்
10 பிப்ரவரி 2024, காலை 6.50

எனக்கு இதற்கு நேர் எதிரான பழக்கம் இருக்கிறது. அதையும் இங்கே வைக்கிறேன். நான் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் சிறிய டூர்னமென்ட்களில் மட்டும் ஆடுவேன். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் அதையும் பல நாள் ஆடுவதில்லை. ஏஸ் ஜோடி எப்போதாவதுதான் வருகிறது. வந்தவுடன் ரெய்ஸ் செய்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள், 150 பிளைண்ட் மட்டும் கிடைக்கும் என்ற பயத்தில், ஏஸ் ஜோடி வந்தால் நான் லிம்ப் செய்துவிடுவேன். யாராவது எனக்குப் பின்னால் ரெய்ஸ் செய்வார்கள், அப்போது திருப்பி அடிக்கலாம் என்று காத்திருப்பேன்.

வாளையாறு28 கொடுத்த கணக்கைப் படித்த பிறகு என் பழைய கைகளைத் திறந்து பார்த்தேன். பின்னால் யாரும் ரெய்ஸ் செய்யாத கைகள்தான் அதிகம். அவற்றில் பாட் தொகை 500 அல்லது 600. எதிரில் நாலைந்து பேர். ஃப்ளாப்பில் 7-7-4 விழுந்து எல்லோரும் செக் செய்தால், யாரிடம் ஏழு இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. ஒரு கையில் ரிவர் வரை கால் செய்து, பெரிய பிளைண்டில் 7-2 வைத்திருந்தவரிடம் நாலாயிரம் சிப்ஸைக் கொடுத்திருக்கிறேன். அவர் ஃப்ளாப்பை இலவசமாகப் பார்த்தார், அனுமதித்தது நான்.

எல்லோரும் ஓடிவிட்டால் 150தான் கிடைக்கும் என்பது உண்மைதானே? இத்தனை அரிய சீட்டுக்கு அது போதுமா?

கணக்கு_மாஷ் (சித்தூர், பாலக்காடு)
10 பிப்ரவரி 2024, மதியம் 2.05

முப்பது ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால், முதலில் எண்களை ஒழுங்குபடுத்திவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட ஜோடி நமக்கு வருவது 221 கைக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடிக்கும் அதுதான், 2-2 ஜோடிக்கும் அதுதான். ஏதோ ஒரு ஜோடி வருவது 17 கைக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒருவரோடு கடைசி வரை போனால் நாம் வெல்வது 85 சதவீதம். எதிரில் நான்கு பேர் இருந்தால் அது 56 ஆகிறது. எட்டு பேர் இருந்தால் 35.

இந்த எண்களைச் சொல்லி, ஆள் கூடினால் நமக்கு நஷ்டம் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பங்கு வைத்து, அத்தோடு பந்தயம் நின்றுவிட்டால், ஐந்து பங்கில் 56 சதவீதம் என்பது 2.8 பங்கு, நாம் வைத்தது ஒன்று, லாபம் 1.8. ஒருவரோடு மட்டும் ஆடினால் இரண்டு பங்கில் 85 சதவீதம், அதாவது 1.7, லாபம் 0.7 மட்டுமே. ஆள் கூடக் கூட நாம் வெல்லும் தடவைகள் குறைந்தாலும், சராசரி லாபம் கூடுகிறது. ஆகவே ஆட்களைத் துரத்துவதற்காக ரெய்ஸ் செய்கிறோம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

அப்படியானால் ராஜா ஜோடிக்காரருக்கு ஏன் இந்தக் கதி? பந்தயம் அங்கே நிற்கவில்லை என்பதுதான் காரணம். 300 வைத்தபோது அவரிடம் இன்னும் 9,700 இருந்தது. பாட் தொகை 1,800. பின்னால் இருக்கும் சிப்ஸ் பாட் தொகையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். முழுக் கணக்கும் தீர்க்கப்படாமல், ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று கட்டங்களில் விரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஜோடியைத் தாண்டிய ஒருவர் தெரிந்தே பணம் வைக்கிறார், நாம் தெரியாமல் வைக்கிறோம்.

நம் ஊர்க்காரர்கள் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று சீட்டில் ஜோடி வருவதே 17 சதவீதம்தான், நூற்றுக்கு 74 முறை எதிராளியிடம் ஒன்றும் சேர்ந்திருக்காது. அங்கே ஜோடி என்பது பெரிய கை. போக்கரில் ரிவர் வரை கையிலுள்ள இரண்டும் பொதுவான ஐந்துமாக ஏழு சீட்டு இருக்கிறது. ஏழு சீட்டிலிருந்து எடுக்கும் சிறந்த கை ஒற்றை ஜோடியாக இருப்பது ஏறக்குறைய 44 சதவீதம், இரண்டு ஜோடியோ அதற்கு மேலோ ஆவது 39 சதவீதம். கையில் வந்தபோது மிகப் பெரிதாக இருந்த ராஜா ஜோடி, ஐந்து சீட்டும் விரிந்தபின் நடுத்தரமான கைகளில் சற்று மேலானது, அவ்வளவுதான். சீட்டு இரண்டாக இருக்கும்போதே அதற்குரிய தொகையை வசூலித்துக்கொள்ள வேண்டும்.

வாளையாறு28 சொன்ன 600ஐ இந்தக் கண்ணால் பாருங்கள். அதே ஐந்து பேரும் 600க்கு கால் செய்தால் பாட் தொகை 3,600, பின்னால் இருப்பது 9,400, விகிதம் 2.6தான். அங்கே ராஜா ஜோடியோடு 9-8-5 ஃப்ளாப்பில் முழுத் தொகையையும் வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் ஒன்பதை வைத்திருப்பவரும், ஆட்டினில் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தேடுபவரும், 7-ஐக் கையில் வைத்துக்கொண்டு வரிசை தேடுபவரும் பணம் வைப்பார்கள். பலர் விலகி ஒருவர் மட்டும் மிஞ்சினால் ஆட்டம் எளிதாகிவிடுகிறது. 300 வைத்தால் இரண்டும் கிடைப்பதில்லை: ஆளும் குறையவில்லை, பாட் தொகையும் பெருகவில்லை. சிறு ஜோடிக்காரரையும் மறக்க வேண்டாம். அவருக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேர்ந்து செட் ஆவது எட்டரைக்கு ஒரு முறை. 300 கொடுத்து 10,000ஐக் குறிவைப்பது அவருக்குப் பெரிய லாபம், 600 கொடுத்தால் அந்த ஆதாயம் பாதியாகிவிடும்.

மூணாறு சகோதரிக்கு: எல்லோரும் ஓடிப்போய் 150 மட்டும் கிடைக்கும் நாள்கள் வரத்தான் செய்யும். இந்த மேசைகளில் அது அரிது. நாலாயிரத்தை இழந்த அந்த ஒரு கை, அப்படி 150 கிடைக்கும் நாள்கள் ஏறக்குறைய இருபத்தேழுக்குச் சமம்.

சித்தூர்ப்புழை
10 பிப்ரவரி 2024, மாலை 7.30

மாஷ், விகிதத்தைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. இதுவரை ரெய்ஸ் அளவை பிளைண்டோடு மட்டும்தான் ஒப்பிட்டு வந்தேன், பின்னால் மிஞ்சுவதோடு ஒப்பிட்டதே இல்லை. டர்னில் 6,300 வைத்தது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த இடத்தில் வைத்தது தவறு என்றுதான் என் நண்பர் சண்டை போடுகிறார்.

கணக்கு_மாஷ்
10 பிப்ரவரி 2024, இரவு 8.20

நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் அவர் நினைக்கும் அளவுக்குத் தெளிவான தவறு இல்லை. உங்கள் 6,300ஐயும் சேர்த்தால் மொத்தம் 22,100. ஆகவே 28.5 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால் வைக்கலாம். அவரிடம் 8-5 இருக்கும்போது உங்களைக் காப்பாற்றும் சீட்டுகள் எட்டு: இரண்டு ராஜா, மூன்று 9, மூன்று 2. ஒன்பதோ இரண்டோ மறுபடி விழுந்தால் உங்கள் இரண்டு ஜோடி அவருடையதைவிடப் பெரிதாகிவிடும். மிச்சமுள்ள 44 சீட்டில் 8 என்றால் 18 சதவீதம். அவரிடம் செட் இருந்தால் இன்னும் குறைவு, ஏற்கெனவே 7-6 வைத்து வரிசை சேர்த்திருந்தால் ஒன்றுமே இல்லை. மாறாக, அவர் ஆட்டினில் ஃப்ளஷ் தேடுபவராக இருந்தால் உங்களுக்கு 80 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்படி ஆல்-இன் போகும் ஐந்து முறையில் ஒரு முறையாவது அவர் தேடுபவராக இருக்க வேண்டும்.

55 ரூபாய் மேசையில் தேடுபவர்கள் கால் செய்வார்கள். டர்னில், அதுவும் இரண்டு பேர் எதிரில் இருக்கும்போது, செக் செய்துவிட்டு ஆல்-இன் ரெய்ஸ் போவது அவர்களுடைய வழக்கம் இல்லை. அதனால் நான் விட்டிருப்பேன், வருத்தத்தோடு.

நகரித்தறி (நகரி, ஆந்திரா)
10 பிப்ரவரி 2024, இரவு 11.50

எங்கள் பக்கம் நிலைமை வேறு. 1974ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தை 2020இல் ஆந்திர அரசு திருத்திய பிறகு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சீட்டாட்டத்துக்கு இங்கே இடமில்லை. திருத்தணிப் பக்கம் போனபோது திறந்த ஆப் வீட்டுக்கு வந்ததும் இடம் அனுமதிக்கப்படவில்லை என்று காட்டியது. நான் பணம் இல்லாத விளையாட்டு சிப்ஸ் மேசைகளில் மட்டும் ஆடுகிறேன். அங்கே கற்றதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

இலவச மேசையில் ஆறு மடங்கு என்ன, பத்து மடங்கு வைத்தாலும் நாலு பேர் வருவார்கள். அதனால் மாஷ் சொன்ன விகிதம் எங்களுக்கு ஃப்ளாப்புக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடும். ஏஸ் ஜோடி வந்தால் ஆல்-இன் போய்விட்டுத் தறிக்கு நூல் மாற்ற எழுந்துவிடலாம். அதில் ஆட்டம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். சென்ற வாரம் முதல் சுற்றிலேயே ராஜா ஜோடியை மடக்கிவிட்டேன். நான் 300 ஆக்கினேன். ஒரு மணி நேரமாக வாயே திறக்காத ஒருவர் 1,000 ஆக்கினார். நான் 2,500 ஆக்க, அவர் 10,000க்கு ஆல்-இன். ஏஸ் ஜோடிதான் என்று எண்ணி விட்டுவிட்டேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தொடக்கத்திலேயே வெளியேறுவதைவிட இது பரவாயில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் தெளிவு வரவில்லை.

கணக்கு_மாஷ்
11 பிப்ரவரி 2024, காலை 9.10

தம்பி, நம்மிடம் ராஜா ஜோடி இருக்கும்போது, எதிரிலுள்ள எட்டு பேரில் யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது இருபத்தைந்து முறைக்கு ஒன்று. ஆனால் ஒருவர் இத்தனை முறை ரெய்ஸ் செய்த பிறகு அந்த எண் பொருந்தாது; அவர் எதை வைத்து இப்படி ஆடக்கூடும் என்று எண்ண வேண்டும். மிகவும் இறுக்கமாக ஆடுபவர் என்று வைத்துக்கொண்டு, ராணி ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரையும், ஏஸ்-ராஜாவும் மட்டுமே என்று கொள்வோம். ஏஸ் ஜோடி ஆறு வகையில் அமையும், ராணி ஜோடியும் ஆறு வகை. இரண்டு ராஜா உங்களிடம் இருப்பதால் ராஜா ஜோடி ஒரே வகை, ஏஸ்-ராஜா எட்டு வகை. மொத்தம் 21. அதில் உங்களைத் தாண்டியது ஆறு மட்டும். ராணி ஜோடிக்கு எதிராக உங்களுக்கு 80க்கும் மேல், ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ஏறக்குறைய 70. எல்லாவற்றையும் சேர்த்தால் 57 சதவீதம் உங்கள் பக்கம். ஏற்கெனவே வைத்த 2,500ஐ விட்டுவிட்டுப் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஏஸ் ஜோடியைத் தவிர வேறெதற்கும் அசையாதவர் என்று உறுதியாகத் தெரிந்தால் விடலாம்தான். ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார் என்பது அந்த உறுதியைத் தராது. நல்ல சீட்டு வராதவரும் அப்படித்தான் இருப்பார்.

வெளியேறும் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது சித்தூர்ப்புழைக்கும் சேர்த்துத்தான். பரிசு வட்டத்தை நெருங்கும்போது ஒவ்வொரு சிப்ஸின் மதிப்பும் மாறுகிறது. அப்போது தப்பிப் பிழைப்பதற்கே தனி விலை உண்டு. முதல் சுற்றில் பரிசு வெகு தூரத்தில் இருக்கிறது, சிப்ஸ் இரட்டிப்பானால் நம் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பத்தாவது நிமிடத்தில் வெளியேறினாலும், பரிசு வட்டத்துக்குச் சற்று முன்னால் வெளியேறினாலும் கிடைப்பது ஒன்றுமில்லைதான். நுழைவுக் கட்டணத்தை நேரத்தோடு வகுத்துப் பார்க்காதீர்கள்.

குமுளி_ஏலம்
11 பிப்ரவரி 2024, மதியம் 12.40

இவ்வளவு கணக்கு எதற்கு? நான் ஆடும் ஆப்பில் ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வந்தால் தோல்வி நிச்சயம். மட்டமான சீட்டுக்குத்தான் ஃப்ளாப் பொருந்துகிறது. எல்லாம் முன்பே எழுதி வைத்தது.

வாளையாறு28
11 பிப்ரவரி 2024, மதியம் 1.30

அண்ணா, எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் ஆறு பேர் ஃப்ளாப் பார்க்கும் மேசையில், யாராவது ஒருவருடைய மட்டமான சீட்டு பொருந்தத்தான் செய்யும். பொருந்தாமல் விலகிய நாலு பேரின் சீட்டை நாம் பார்ப்பதே இல்லை. ஒரே எதிராளி இருந்தால்கூட ஏஸ் ஜோடி ஏழு முறைக்கு ஒரு முறை தோற்கும். மூன்று மாதம் ஒவ்வொரு பெரிய ஜோடியையும் நோட்டில் எழுதி வாருங்கள், வென்றதையும் சேர்த்து. நான் எழுதியபோது, வென்ற கைகளில் பாதி எனக்கு நினைவிலேயே இல்லை என்பதைத்தான் முதலில் கண்டேன்.

ஜாக்கி ஜோடியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் பாலக்காட்டுப் பக்கம் உள்ள ஒரு தனிச் சிக்கல் அது. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன். பெயரில்கூட அதுதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், மூன்று புள்ளி. அதற்கடுத்தது ஒன்பது, இரண்டு புள்ளி. ஏஸும் பத்தும் ஒவ்வொரு புள்ளி. ராஜாவும் ராணியும் பத்துக்குக் கீழே, புள்ளியே இல்லை. கையில் இரண்டு ஜாக்கி வந்தால் துணிந்து கேள்வியை, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலத்தை, ஏற்றுவோம். அந்தச் சந்தோஷம் விரலிலேயே தங்கிவிட்டது. போக்கரில் இரண்டு ஜாக்கியைக் கண்டதும் ஏஸ் ஜோடியைக் கண்டதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் ஜாக்கி ஜோடி வைத்திருக்கும்போது, ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது 57 சதவீதம். ராணி ஜோடிக்கு அது 41, ராஜா ஜோடிக்கு ஏஸ் விழுவது 23. 10-10 ஜோடிக்கோ ஏறக்குறைய 70. ஆகவே ராஜா ஜோடிக்கும் ஜாக்கி ஜோடிக்கும் இடையே இருப்பது இரண்டு படி இல்லை, ஒரு பெரிய பள்ளம். ஃப்ளாப்புக்கு முன்னால் ஜாக்கி ஜோடிக்கும் அதே 600தான் வைப்பேன். தொகையை மாற்றினால் கவனிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகுதான் வேறுபாடு. இரண்டு பேர் கால் செய்து, ஃப்ளாப்பில் ராணியோ ஏஸோ விழுந்துவிட்டால், ஒருவர் பந்தயம் வைத்தவுடன் விட்டுவிடுவேன். முன்பெல்லாம் ரிவர் வரை இழுத்துக்கொண்டு போவேன். இன்னொருவர் எனக்குமேல் ரெய்ஸ் செய்து, அதற்கும் மேல் மூன்றாமவர் ஆல்-இன் போனால், முதல் சுற்றில் ஜாக்கி ஜோடியை மடக்குவதில் எனக்குச் சங்கடமே இல்லை.

மூணாறு_மேகம்
14 பிப்ரவரி 2024, இரவு 9.05

இன்று ஏஸ் ஜோடி வந்தது. முன்னால் ஒருவர் லிம்ப் செய்திருந்தார், நான் 500 வைத்தேன். எல்லோரும் விலகிவிட்டார்கள், 250 கிடைத்தது. கை நடுங்கியது, ஆனாலும் வைத்தேன்.

சித்தூர்ப்புழை
17 பிப்ரவரி 2024, இரவு 11.20

இந்த ஒரு வாரத்தில் ராஜா ஜோடி வரவில்லை. இன்று ராணி ஜோடி வந்தது, அதை எழுதிவிடுகிறேன். அதே 55 ரூபாய், அதே 50/100, முதல் சுற்று. இருவர் லிம்ப் செய்திருந்தார்கள். பட்டனில் இருந்த நான் 600 வைத்தேன். பிளைண்ட் இரண்டும் விலகின, லிம்ப் செய்தவர்களில் ஒருவர் மட்டும் கால். பாட் தொகை 1,450. ஒருவரோடு மட்டும் ஃப்ளாப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி என்பது அப்போதுதான் தெரிந்தது; யோசிக்க வேண்டியது ஒரே ஆளைப் பற்றித்தான்.

ஃப்ளாப்பில் கிளாவர் ஏஸ், டைமன் 7, ஆட்டின் 3. அவர் செக் செய்தார், நான் 500 வைத்தேன், அவர் கால் செய்தார். டர்னில் 4, இருவரும் செக். ரிவரில் 10. அவர் 1,200 வைத்தார். பழைய நானாக இருந்தால், ராணி ஜோடியாயிற்றே, ஏமாற்றுகிறாரோ என்று வைத்திருப்பேன். விட்டுவிட்டேன். போனது 1,100, மிச்சம் 8,900 வைத்து ஆடி, பரிசு வட்டத்துக்குப் பதினொரு இடம் முன்னால் வெளியேறினேன். அந்தக் கடைசிக் கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளாப்பில் வைத்த 500 மட்டும் மனத்தை அரிக்கிறது, மாஷ்.

கணக்கு_மாஷ்
18 பிப்ரவரி 2024, காலை 8.45

அரிக்க வேண்டியதுதான். ஏஸ் விழுந்த அந்த ஃப்ளாப்பில் உங்கள் 500க்கு யார் கால் செய்வார்? ஏஸ் வைத்திருப்பவர் செய்வார், அவரிடம் நீங்கள் தோற்கிறீர்கள். ஏழு வைத்திருப்பவர் சில நேரம் செய்வார், மற்ற எல்லோரும் விலகுவார்கள். லிம்ப் செய்துவிட்டு 600க்கு கால் செய்பவர்களின் கையில் ஏஸ் அடிக்கடி இருக்கும் என்று வாளையாறு28 முதல் நாளே சொன்னார். ஒரே எதிராளி, ஃப்ளஷ்ஷோ வரிசையோ தேட அதிக வழியில்லாத காய்ந்த ஃப்ளாப். இலவசமாக ஒரு சீட்டைக் கொடுப்பதால் உங்களுக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டு, டர்னில் அவரும் செக் செய்தால் அங்கே 500 வையுங்கள். ஏழு வைத்திருப்பவரும், 8-8 ஜோடி, 9-9 ஜோடி வைத்திருப்பவர்களும் அப்போது உங்களிடம் ஏஸ் இல்லை என்று நம்பி கால் செய்வார்கள். அவரே டர்னில் பந்தயம் வைத்தால், தொகையைப் பார்த்து ஒரு முறை கால் செய்யலாம். ரிவரில் மீண்டும் வைத்தால் விட்டுவிடலாம்.

600 சரி. 1,200க்கு விட்டது சரி. நடுவிலுள்ள 500ஐ மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போடுங்கள்.